மூன்று அணைகள், ஒரு வரி: ஐரோப்பா ஒன்றாகப் பேசப் பழகிய கதை

கண்டியிலிருந்து மஹியங்கனை ரோட்டில் போனால் பல்லேகல, அதைத் தாண்டி திகன, பிறகு தெல்தெனிய. அந்தப் பக்கம் பார்க்கும் இடமெல்லாம் விக்டோரியா நீர்த்தேக்கம்தான். பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணிக்குக் கீழேதான் கிடக்கிறது. இந்த அணையைக் கட்டக் காசு கொடுத்தது பிரித்தானியா. இதே மகாவலித் திட்டத்தில் மேலே கொத்மலை அணைக்குக் கொடுத்தது சுவீடன். கீழே ரந்தெனிகலைக்குக் கொடுத்தது மேற்கு ஜேர்மனி. ஒரே திட்டம், மூன்று அணை, மூன்று ஐரோப்பிய நாடு. மூன்றும் கொழும்போடு தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக ஒப்பந்தம் செய்து கொண்டவை.

இந்த அணைகள் கட்டப்பட்டுக் கொண்டிருந்தபோதுதான் 1983 ஜூலை வந்தது. கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, கண்டியிலும் மலையகத்திலும்கூட ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அணை வேலை நிற்கவில்லை. 1985 ஏப்ரலில் மார்கரெட் தட்சர் நேரில் வந்து விக்டோரியாவைத் திறந்து வைத்தார். கறுப்பு ஜூலைக்கு இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

இப்போது அதே ரோட்டில், பல்லேகலயில், முதலீட்டுச் சபையின் கண்டி கைத்தொழில் பேட்டை இருக்கிறது. உள்ளே ஆடைத் தொழிற்சாலைகள். நம்ம பாஷையில் சொன்னால் கார்மண்ட். 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தன. அது எந்த அணையையும் தொடவில்லை. இந்த மாதிரித் தொழிற்சாலைகளில் தைக்கும் துணியின் மேல் ஒரு வரியாக வந்து விழுந்தது.

மூன்று அணையிலிருந்து ஒரு வரிக்கு ஐரோப்பா எப்படி வந்து சேர்ந்தது? இது நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். “சர்வதேசம் பார்த்துக்கொள்ளும்” என்று ஒரு பேச்சு நம்ம வீடுகளில் எப்போதும் இருக்குதுதானே. அந்தச் சர்வதேசத்தில் ஒரு பெரிய துண்டு ஐரோப்பா. அது எப்படி முடிவெடுக்கும், எங்கே அதன் கை நீளும், எங்கே நீளாது என்று தெரியாமலே நாம் பல வருடம் காத்திருந்தோம்.

இரண்டு அறைகள்

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தொடங்கியது ஆறு நாடுகளோடு: பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க். நிலக்கரி, இரும்பு, பிறகு பொதுச் சந்தை என்று வியாபாரத்தில் ஒன்றுசேர அவர்களுக்கு முடிந்தது. அரசியலில் முடியவில்லை. ஒரே ஐரோப்பிய இராணுவம் என்ற திட்டத்தை 1954 ஆகஸ்டில் பிரெஞ்சுப் பாராளுமன்றமே தள்ளிவிட்டது. வெளியுறவை ஒன்றாக நடத்தலாம் என்ற இன்னொரு திட்டம் 1962இல் பேச்சுவார்த்தையிலேயே செத்தது. வெளிவிவகாரம் என்பது ஒரு அரசின் முகம் மாதிரி. அதை இன்னொருத்தனிடம் கடன் கொடுக்க யாருக்கும் மனசு வராது.

1970 அக்டோபரில் ஒரு அடக்கமான வழி கண்டுபிடித்தார்கள். பெல்ஜிய இராஜதந்திரி எத்தியேன் தவிஞோன் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை அது. அது சொன்னது இவ்வளவுதான்: வெளிவிவகார அமைச்சர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்திப்போம், முடிவெடுக்க முன் ஒருவரை ஒருவர் கலந்து பேசுவோம், ஒத்துவந்தால் ஒன்றாகச் சொல்வோம். ஒத்துவராவிட்டால் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. முதல் கூட்டம் அதே வருடம் நவம்பரில் மியூனிக்கில் நடந்தது. இதற்கு ‘ஐரோப்பிய அரசியல் ஒத்துழைப்பு’ என்று பெயர் வைத்தார்கள். செயலகம் கிடையாது, சட்டம் கிடையாது. 1973இலிருந்து வெளிவிவகார அமைச்சுகளை இணைக்க ஒரு டெலெக்ஸ் வலையமைப்பு மட்டும் இருந்தது.

இந்த ஒத்துழைப்பை வியாபாரச் சமூகத்திலிருந்து தள்ளியே வைக்க வேண்டும் என்று பிரான்ஸ் பிடிவாதமாக நின்றது. அதனால் 1973இல் ஒரு கூத்து நடந்தது. ஒன்பது நாட்டு அமைச்சர்களும் காலையில் கோப்பன்ஹேகனில் அரசியல் பேசிவிட்டு, அதே நாள் விமானம் ஏறி பிரஸல்ஸுக்குப் போய் வியாபாரம் பேசினார்கள். ஆட்கள் அதே ஆட்கள். அறை மட்டும் வேறு.

இந்த இரண்டு அறையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. அரசியல் அறையில் முடிவு ஏகமனதாக வர வேண்டும். ஒரு நாடு தலையாட்டாவிட்டால் விஷயம் அங்கேயே நின்றுவிடும். வர்த்தக அறையில் பெரும்பான்மை போதும்.

இரண்டு அறைக்கும் நடுவில் கதவு திறந்தது 1982இல். ஆர்ஜென்டீனா போக்லாந்து தீவுகளைப் பிடித்தபோது, பிரித்தானியாவுக்கு ஆதரவாகப் பத்து நாடுகளும் அரசியல் அறையில் ஒத்துக்கொண்டு, வர்த்தக அறையில் ஆர்ஜென்டீனப் பொருட்களின் இறக்குமதியைத் தடுத்தன. ஒரு மாதத்தில் இத்தாலியும் அயர்லாந்தும் கழன்றுகொண்டன. ஆனாலும் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள். இராணுவம் இல்லாத ஒரு கூட்டணிக்கு வெளியே காட்டக்கூடிய பல் சந்தைதான்.

பிறகு 1987இல் இந்த ஒத்துழைப்புக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. 1993இல் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் ‘பொது வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை’ என்று பெயர் மாறியது. பெயர் பெரிசாச்சு. ஏகமனது விதி அப்படியே இருந்தது.

சொந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய தடை

இலங்கையில் இந்த இயந்திரம் முழுசாக ஓடியது சமாதான காலத்தில். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை. நடுவர் நோர்வே. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, அதுதான் அதற்கு வசதி. கண்காணிப்புக் குழுவில் ஐந்து நாடுகள்: நோர்வே, ஐஸ்லாந்து, சுவீடன், பின்லாந்து, டென்மார்க். முதல் இரண்டும் ஒன்றியத்துக்கு வெளியே, மற்ற மூன்றும் உள்ளே. 2003 ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டொலர் உதவி வாக்குறுதி கொடுத்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் இணைத்தலைமைகளில் ஒன்றாக உட்கார்ந்தது. அமெரிக்கா, ஜப்பான், நோர்வே மற்ற மூன்று.

2005 ஆகஸ்டில் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே, புலிகளின் பிரதிநிதிகளை எந்த உறுப்பு நாடும் வரவேற்காது என்று ஒன்றியம் அறிவித்தது. அப்போது தலைமைப் பதவியில் இருந்தது பிரித்தானியா. அது தன் நாட்டில் 2001இலேயே புலிகளைத் தடை செய்திருந்தது. 2006 மே 29ஆம் திகதி 25 நாடுகளும் ஏகமனதாகப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தன.

ஏகமனது என்றால் சுவீடன், பின்லாந்து, டென்மார்க்கும் அதில் அடக்கம். நடுநிலையாகக் கண்காணிக்க ஆள் அனுப்பியிருந்த அதே நாடுகள். புலிகள் உடனே சொன்னார்கள்: தடை செய்த நாட்டு ஆட்கள் இனி எங்கள் பகுதியில் கண்காணிக்க முடியாது, செப்டம்பர் 1க்குள் போக வேண்டும். குழுவின் அப்போதைய தலைவர் ஒரு சுவீடன்காரர். தடை தவறு என்று அவரே பகிரங்கமாகச் சொன்னார். பயன் இல்லை. கண்காணிப்பாளர்களில் பெரும் பகுதியினர் மூட்டை கட்டினார்கள். நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. அந்த ஆகஸ்டில் மூதூரில், சம்பூரில், முகமாலையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சரியாகப் பார்க்கக் கண் வேண்டிய நேரத்தில் கண் குறைந்தது. 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து விலகியதும் மிச்சக் குழுவும் மூடப்பட்டது.

தடை சரியா பிழையா என்று இங்கே வழக்காட வரவில்லை. அதைப் பற்றி நம்மிடையே வேறு வேறு கருத்து இருக்கும், இருக்கட்டும். கவனிக்க வேண்டியது, அரசியல் அறை எப்படி வேலை செய்கிறது என்பதை. 25 நாடு ஒத்துப்போவது அபூர்வம். அந்த அபூர்வம் நடந்தபோது, களத்தில் தங்களுக்கே இருந்த மூன்று நாட்டு ஆட்களை அவர்கள் இழந்தார்கள். போரை நிறுத்தவும் அது உதவவில்லை.

வந்த இரண்டு பேர், வராத ஒருத்தர்

2009 ஏப்ரல் கடைசி. வன்னியில் சனம் ஒரு சின்னக் கடற்கரைத் துண்டுக்குள் நெருக்கப்பட்டிருந்தது. பிரித்தானிய வெளிவிவகார அமைச்சர் டேவிட் மிலிபாண்ட், பிரெஞ்சு அமைச்சர் பேர்னார் குஷ்னர், சுவீடன் அமைச்சர் கார்ல் பில்ட் மூவரும் ஒன்றாக வர ஏற்பாடு. பில்ட்டை உள்ளே விட இலங்கை மறுத்தது. சுவீடன் தன் தூதுவரை ஆலோசனைக்கென்று திருப்பி அழைத்தது. மற்ற இருவரும் அவரில்லாமலே ஏப்ரல் 29இல் வந்து, வவுனியா முகாம்களைப் பார்த்து, ஜனாதிபதியிடம் சண்டையை நிறுத்தக் கேட்டு, வெறுங்கையோடு போனார்கள்.

இன்னும் இரண்டு மாதத்தில் ஒன்றியத்தின் தலைமைப் பதவி சுவீடனுக்கு வர இருந்தது. அந்த நாட்டின் அமைச்சரை ஒரு சின்னத் தீவு வாசலில் நிறுத்தியது. பெரிய இரண்டு நாடு மட்டும் உள்ளே போனது. யார் வரலாம் என்று கொழும்பு தெரிவு செய்ய, ஐரோப்பா அதற்கு இணங்கிப் போனது. ‘ஒரே குரல்’ என்று நாற்பது வருடம் பேசியதன் நிலை அன்றைக்கு அதுதான்.

மே 18ஆம் திகதி, போர் முடிந்த அதே நாள்களில், ஒன்றியத்தின் அமைச்சர்கள் சுயாதீன விசாரணை வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அடுத்த வாரம் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் விசேட அமர்வு. அதைக் கூட்டச் சொன்னதில் ஐரோப்பிய நாடுகள் முன்னின்றன. நடந்தது என்ன? இலங்கையே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து, மே 27இல் 29 வாக்குகளோடு அதை நிறைவேற்றிக்கொண்டது. எதிராக 12, நடுநிலை 6. பேரவையில் இருந்த ஒன்றியத்தின் ஏழு நாடுகளும் ஒற்றுமையாக எதிர்த்து வாக்களித்தன. இந்தியா, சீனா, பாகிஸ்தான், கியூபா எல்லாம் மறுபக்கம். ஐரோப்பா ஒன்றாகத்தான் பேசியது. ஒன்றாகவே தோற்றது.

வர்த்தக அறையின் முறை

இதே நேரத்தில் மற்ற அறையில் ஒரு கோப்பு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஜீ.எஸ்.பி. பிளஸ். சுனாமிக்குப் பிறகு 2005 ஜூலையிலிருந்து இலங்கைக்குக் கிடைத்த வரிச்சலுகை. ஐரோப்பாவுக்குப் போகும் ஆடைக்கு வழமையான வரி 12 சதவீதம். சாதாரண சலுகையில் 9.6 சதவீதம். பிளஸ் இருந்தால் பூச்சியம். பதிலுக்கு மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் எல்லாம் சேர்த்து 27 சர்வதேசச் சமவாயங்களை நடைமுறைப்படுத்த வேண்டும்.

2008 அக்டோபரில் ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. இலங்கை ஒத்துழைக்க மறுத்தது. மூன்று வெளி நிபுணர்கள் எழுதிய அறிக்கையின் துணையோடு 2009 அக்டோபரில் முடிவு வந்தது: குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயம், சித்திரவதைக்கு எதிரான சமவாயம், சிறுவர் உரிமைகள் சமவாயம் மூன்றும் இங்கே ஒழுங்காக நடைமுறையில் இல்லை. 2010 பெப்ரவரி 15இல் சலுகையை நிறுத்தத் தீர்மானித்தார்கள். ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஜூனில் ஒரு கடிதம் வந்தது. 15 விஷயங்களைச் செய்கிறோம் என்று எழுதித் தந்தால் இன்னும் ஆறு மாதம் நீடிக்கலாம் என்றது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பிழையான பிரிவுகளை நீக்குவது, தடுத்து வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுவது எல்லாம் அதில் இருந்தன. இறைமையில் கை வைக்கிறார்கள் என்று அரசாங்கம் மறுத்தது. ஆகஸ்ட் 15இல் சலுகை போனது.

இதுதான் வித்தியாசம். வன்னிக்காகக் கொழும்பு வரை வந்த அமைச்சர்களால் ஒரு நாள் சண்டையை நிறுத்த முடியவில்லை. ஜெனீவாவில் ஒரு வாக்கெடுப்பை வெல்ல முடியவில்லை. ஆனால் சுங்க விதியை மாற்ற முடிந்தது, ஏனென்றால் அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தன் வீட்டு வாசலில் தான் வாங்கும் வரி. பெரும்பான்மை வாக்கும் போதும். ஆகவே காணாமல் போனவர்களின் பிரச்சினை, தடுப்புக்காவல், சித்திரவதை எல்லாம் 9.6 சதவீதம் என்ற ஒரு எண்ணாக மொழிபெயர்க்கப்பட்டது.

பல்லேகலயில் அந்த எண்

அந்த எண்ணைக் கட்டுவது யார்? சட்டப்படி ஐரோப்பிய இறக்குமதியாளர். நடைமுறையில் அவர் அதை விலையில் கழிப்பார். தொழிற்சாலை அதை டார்கெட்டில் கழிக்கும். மணிக்கு இத்தனை துண்டு என்பது கொஞ்சம் கூடும், ஓவர்டைம் கொஞ்சம் மாறும், ஊக்கப்படி கொஞ்சம் குறையும். மெஷினுக்கு முன்னால் இருக்கிற பிள்ளை சிங்களமா, தமிழா, முஸ்லிமா என்று 9.6 சதவீதம் கேட்காது. யுத்தத்தை நடத்திய யாரும் அந்த வரிசையில் நின்று தைக்கவில்லை.

அதே நேரம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பிழையாகும். அந்த 27 சமவாயங்களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அடிப்படைச் சமவாயங்கள் எட்டும் இருக்கின்றன. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டாகப் பேரம் பேசும் உரிமை அதில் அடங்கும். அதாவது யாரைத் தண்டிப்பது போலத் தெரிகிறதோ, அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆயுதமும் அதே பட்டியலில் இருக்கிறது. 2010இல் அவளிடம் அதை யாரும் சொல்லவில்லை. அரசாங்கம் ‘வெளிநாட்டுச் சதி’ என்றது, முதலாளிகள் ‘வேலை போகும்’ என்றார்கள், தமிழ் அரசியலில் பலர் ‘நல்லா வேணும்’ என்று நினைத்தார்கள். மூன்று பேச்சிலும் அவள் இல்லை.

திரும்பி வந்த சலுகை, போகாத சட்டம்

2015இல் ஆட்சி மாறியது. 2017 மே 19இல் சலுகை திரும்பி வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவோம் என்ற வாக்குறுதியும் அதோடு இருந்தது. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. 2020 மே மாதம் தமிழில் கவிதை எழுதும் மன்னார் இளைஞர் அஹ்னாப் ஜஸீமை இதே சட்டத்தில் பிடித்தார்கள். 2021 ஜூன் 10இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் அவர் பெயரையும் சொல்லி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஆதரவு 628, எதிர்ப்பு 15. அந்த டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2022இல் சட்டத்தைக் கொஞ்சம் திருத்தினார்கள். நீக்கவில்லை.

அழுத்தம் வேலை செய்யும் அளவு இவ்வளவுதான் என்று இந்தக் கதையிலிருந்து தெரிகிறது. வரி பயம் ஒரு ஆளை வெளியே கொண்டுவர உதவலாம். ஒரு திருத்தத்தைத் தள்ளிக் கொடுக்கலாம். சட்டத்தை அது பிடுங்கி எறியாது. சில நேரம் எதிர்ப்பக்கமும் போகும். ஜீ.எஸ்.பி. பிளஸ் தேவைக்காகவே 2007இல் குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பிற்காலத்தில் எழுத்துக்காகவும் பேச்சுக்காகவும் ஆட்களைக் கைது செய்ய அந்தச் சட்டத்தையே பயன்படுத்தினார்கள். உரிமைச் சட்டம் கைவிலங்கானது.

இதை அமெரிக்காவோடு ஒப்பிட்டுப் பாருங்க. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருளுக்கு 44 சதவீதம் என்று ஒரே நாளில் அறிவித்தார்கள், பிறகு 20க்கு இறக்கினார்கள். அதில் சமவாயமும் இல்லை, விசாரணையும் இல்லை, பட்டியலும் இல்லை. ஐரோப்பிய வரிக்கு ஒரு எழுத்துப் பிரதியாவது இருக்கிறது. அதை நாம் வாசிக்கலாம், பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கலாம்.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த மூன்று சமவாயங்களும் ஐரோப்பாவின் சொத்து இல்லை. குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை இணைந்தது 1980இல். சிறுவர் உரிமைகளில் 1991, சித்திரவதைக்கு எதிரானதில் 1994. ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற சொல் பிறக்க முன்னமே, நம்ம அரசு நமக்குக் கொடுத்த வாக்கு அது. அதை நாம் கேட்காமல் விட்டதால், பிரஸல்ஸ் தன் வசதிக்கு, தன் சந்தைக்கு, தன் வாக்கு விதிக்கு ஏற்ற மாதிரிக் கேட்டது.

இப்போதுள்ள சலுகை விதியை 2027 டிசம்பர் 31 வரை நீடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எப்படி இருக்கும் என்ற பேச்சில் ஐரோப்பிய நாடுகள் இருக்கும், கொழும்பு இருக்கும், ஆடை முதலாளிகளின் சங்கம் இருக்கும். பல்லேகல கேட்டுக்கு உள்ளே இருந்தும் ஒரு குரல் போக வேண்டாமா? அந்த 27இன் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் ஹோல்டில் கொடுப்பது நம்ம மாதிரி ஆட்களுக்குப் பெரிய வேலை இல்லை. இரண்டு பக்கத் தாள் போதும்.